ஆள்வோர் கண்ணெதிரே ஒரு சுவர்

தச்சுப் பட்டறையில் இருக்க வேண்டிய இரண்டு கருவிகள், இத்தாலியின் சியெனா நகரத்து அரசு மாளிகையில் சுவரேறி உட்கார்ந்திருக்கின்றன. ஒரு சுவரில் அமர்ந்திருக்கும் பெண்ணின் மடியில் பெரிய இழைப்புளி. அடுத்த சுவரில் இன்னொருத்தியின் கையில் ரம்பம். அவள் அறுத்துக்கொண்டிருப்பது தன்னையே. இழைப்புளி வைத்திருப்பவள் ஒற்றுமை, ரம்பக்காரி பிளவு. பிளவின் ஆடை பாதி கறுப்பு, பாதி வெள்ளை. ஒரு பாதியில் ‘ஆம்’ என்றும் மறுபாதியில் ‘இல்லை’ என்றும் எழுதியிருக்கிறது. 1338 பிப்ரவரி தொடங்கி 1339 மே வரை அம்ப்ரோஜியோ லொரென்செத்தி என்ற உள்ளூர் ஓவியர் வரைந்த படங்கள் இவை. மேடு பள்ளத்தைச் சீவிச் சமப்படுத்தினால்தான் ஊர் ஒன்றாக இருக்கும், அறுக்க ஆரம்பித்தால் அறுபடுவது அறுப்பவன்தான் என்ற அரசியல் பாடத்தை, தச்சன் வீட்டுப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி அவர் சொல்லிவிட்டார்.

ஆனால் அந்த அறைக்குள் அன்றாடம் வந்து உட்கார்ந்தவர்கள் தச்சர்கள் இல்லை. அங்கேதான் நம் கேள்வி தொடங்குகிறது. நகர மண்டபங்கள், சட்டமன்றங்கள், அரசு மாளிகைகள் ஆகியவற்றின் உட்சுவர்களை ஓவியத்தால் நிரப்பும் வழக்கத்துக்கு எழுநூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. யார் வரைந்தது, எந்தப் பாணி, எவ்வளவு செலவு என்று கலை வரலாற்று நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. எனக்கு அவற்றைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் யார், அவரிடம் சுவர் என்ன சொன்னது? ஆள்பவரை எச்சரித்த சுவர்கள் மிகக் குறைவு. ஆள்பவரைப் புகழ்ந்தவையும், ஆளப்படுவோருக்குப் பாடம் நடத்தியவையுமே பெரும்பாலானவை.

சியெனாவின் மாளிகைக்குப் பலாட்ஸோ புப்ளிகோ என்று பெயர். 1297இல் கட்டத் தொடங்கினார்கள். கட்டியது ‘ஒன்பதின்மர்’ என்று அழைக்கப்பட்ட குழு. 1287 முதல் 1355 வரை அந்த நகரக் குடியரசை ஆண்டது அதுதான். பெரும்பாலும் வணிகர்களும் வட்டிக்கடை முதலாளிகளும்தான் உறுப்பினர்கள். பழைய பிரபுக் குடும்பங்களுக்கு அதில் இடமில்லை, கைத்தொழில் செய்பவர்களுக்கும் இல்லை. பதவி இரண்டே மாதம். அந்த இரண்டு மாதமும் மாளிகையிலேயே தங்க வேண்டும், நினைத்தபோது வீட்டுக்குப் போய்வர முடியாது. பிறகு வேறு ஒன்பது பேர் வருவார்கள். ஆக, லொரென்செத்தியின் ஓவியங்களுக்கு நடுவே கூடிப் பேசியவர்கள் ஊரின் பணக்காரர்கள், தாற்காலிக ஆட்சியாளர்கள், வெளியே போக முடியாதவர்கள். இதைவிட நல்ல பார்வையாளர் ஓர் ஓவியருக்கு வாய்ப்பது கடினம்.

அறை அப்படியொன்றும் பெரியதில்லை. நீளம் 14 மீட்டருக்குச் சற்று மேல், அகலம் 8 மீட்டருக்குள். தெற்கே ஒரே ஒரு ஜன்னல். மற்ற மூன்று சுவர்களும் ஓவியம். ஜன்னலுக்கு நேர் எதிரே, வடக்குச் சுவரில், நல்லாட்சியின் உருவகம் இருக்கிறது. இடப்பக்கம் நீதி அமர்ந்திருக்கிறாள். அவள் தலைக்கு மேலே ஞானம் தராசைப் பிடித்திருக்கிறது. தராசின் இரண்டு தட்டுகளிலிருந்தும் இரண்டு கயிறுகள் இறங்கி, கீழே இழைப்புளியோடு இருக்கும் ஒற்றுமையின் கைக்கு வந்து ஒன்றாகின்றன. அந்தக் கயிற்றை அவள் பக்கத்தில் நிற்கும் குடிமகனிடம் கொடுக்கிறாள், அவர் அடுத்தவரிடம், அப்படியே 24 பேர் வரிசையாகப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கயிறு போய்ச் சேருமிடத்தில் தாடி வைத்த பேருருவம் ஒன்று, சியெனாவின் நிறங்களான கறுப்பு வெள்ளையில். அதுதான் பொதுநலம். கவனிக்க வேண்டியது, 24 பேரும் கிட்டத்தட்ட ஒரே உயரம். ஒருவர் தலையும் மற்றவர் தலைக்கு மேலே எழும்பவில்லை. இழைப்புளி வேலை செய்திருக்கிறது!

பொதுநலத்துக்கு இருபுறமும் அறங்கள் பெண்ணுருவில் அமர்ந்திருக்கின்றன. மற்றவர்கள் நிமிர்ந்து உட்கார, அமைதி மட்டும் மெத்தையில் சாய்ந்து, கன்னத்தில் கைவைத்து, கையில் ஒலிவக் கிளையோடு ஓய்வெடுக்கிறாள். அவளுக்கு அடியில் கழற்றிப் போட்ட போர்க்கவசம். அந்த அறையை ‘அமைதியின் அறை’ என்று சொல்வது இவளால்தான்.

மேற்குச் சுவரில் கொடுங்கோன்மை. கொம்பு, கோரைப்பல், மாறுகண். காலடியில் ஓர் ஆடு. இன்னும் கீழே, கட்டப்பட்டுக் கிடக்கிறாள் நீதி. தலைக்கு மேலே பேராசை, செருக்கு, வீண்பெருமை. இருபுறமும் கொடூரம், துரோகம், மோசடி, வெறி, பிளவு, போர். சுவரின் மீதிப் பகுதியில் அந்த ஆட்சி நடக்கும் ஊர் தெரிகிறது. வீடுகள் இடிகின்றன, சிப்பாய்கள் ஒரு பெண்ணை இழுத்துப்போகிறார்கள், ஒரு பிணம் கிடக்கிறது. தொழில் நடப்பது ஒரே ஒரு கடையில்தான், ஆயுதம் செய்பவன் கடை. இந்தச் சுவர்தான் அதிகம் சிதைந்திருக்கிறது. காரை உதிர்ந்து பாதி கதை காணாமல் போய்விட்டது. திருக்குறளில் செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் அடுத்தடுத்த அதிகாரங்கள் என்பது தமிழ் வாசகருக்கு இங்கே நினைவுக்கு வரும். லொரென்செத்தி ஒருபடி மேலே போய், கொடுங்கோன்மை கெடுத்த ஊரையும் செங்கோன்மை வாழவைத்த ஊரையும் எதிரெதிர்ச் சுவரில் நிறுத்தினார். நடுவில் உட்கார்ந்திருப்பவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் தப்பிக்க முடியாது.

கிழக்குச் சுவர்தான் உலகம் முழுவதும் தெரிந்தது. நல்லாட்சி நடக்கும் ஊர். மணப்பெண் குதிரையேறிப் போகிறாள். செருப்புக் கடையில் வியாபாரம். மேடையில் அமர்ந்து ஓர் ஆசிரியர் பாடம் நடத்துகிறார். கழுதைகள் பொதி சுமக்கின்றன. கட்டட உச்சியில் சாரத்தின் மேல் கொத்தனார்கள் நின்று சுவர் எழுப்ப, ஒருவர் தலையில் கூடையோடு ஏறிக்கொண்டிருக்கிறார். தெரு நடுவே ஒருவர் கஞ்சிரா போன்ற கருவியைத் தட்டிப் பாட, ஒன்பது பேர் கைகோத்து ஆடுகிறார்கள். ஊர்வாசலைத் தாண்டினால் நாட்டுப்புறம். பருந்து ஏந்திய கனவான்கள் வேட்டைக்கு வெளியே போகிறார்கள். அதே வழியில் குடியானவன் ஒருவன் பன்றியை ஓட்டிக்கொண்டு ஊருக்குள் வருகிறான். கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட பன்றி. அந்த வட்டாரத்துக்கே உரிய இனம், இன்றும் வளர்க்கிறார்கள். உழவு, விதைப்பு, கதிரடிப்பு எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஆண்டின் அத்தனை பருவமும் ஒரே நாளில்.

இந்த வயல்வெளிக்கு மேலே ஒரு பெண் சிறகோடு பறக்கிறாள். பெயர், பாதுகாப்பு. ஒரு கையில் வாசகம் எழுதிய சுருள்; எல்லாரும் பயமின்றி நடக்கலாம், உழலாம் என்று அது உறுதி சொல்கிறது. மறுகையில் ஒரு தூக்குமரம், அதில் ஒருவன் தொங்குகிறான். பாடநூல்களில் இந்தச் சுவரை அச்சிடும்போது பெரும்பாலும் நடனத்தையும் வயலையும் வெட்டி எடுத்துப் போடுகிறார்கள், தூக்குமரம் ஓரத்தில் நின்றுவிடுகிறது. அமைதிக்கு விலை உண்டு என்பதை லொரென்செத்தி மறைக்கவில்லை. மறைத்தவர்கள் பின்னால் வந்தவர்கள்.

இந்த அறையைப் பற்றிய ஆய்வுச் சண்டைகள் தனி நூலகமே கொள்ளும். 1958இல் நிக்கோலாய் ரூபின்ஸ்டைன், இந்த உருவகங்களுக்குப் பின்னால் இருப்பது அரிஸ்டாட்டிலும் அவரைக் கிறித்தவ மரபுக்குள் கொண்டுவந்த தாமஸ் அக்வினாஸும் என்றார். 1986இல் க்வென்டின் ஸ்கின்னர் அதை மறுத்தார். நகர நிர்வாகிகளுக்காக எழுதப்பட்ட கையேடுகளும், அவை சார்ந்திருந்த சிசரோ, செனெக்கா போன்ற ரோமானியர்களுமே மூலம் என்றார். இழைப்புளியைக் குடிமக்களுக்கு இடையிலான சமத்துவத்தின் சின்னமாக அவர் வாசித்தது எனக்கு மிகப் பொருத்தமாகவே படுகிறது. நடனமாடுபவர்கள் பெண்கள் என்றுதான் எல்லாரும் எழுதிவந்தார்கள். 1991இல் ஜேன் பிரிட்ஜ்மன், உடையையும் மார்பையும் காட்டி, அவர்கள் இளைஞர்கள் என்று வாதிட்டார். 2013இல் பத்ரிக் புஷ்ரோன், அறை முழுவதையும் இயக்குவது அச்சம் என்றார். சுற்றியிருந்த நகரங்களில் குடியரசுகள் ஒவ்வொன்றாகத் தனிமனிதர்களின் கைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது; அது தம் வாசலுக்கும் வரும் என்று ஒன்பதின்மர் பயந்தார்கள், அந்தப் பயத்தைச் சுவரில் ஏற்றிக் கட்டிப்போட்டார்கள் என்பது அவர் வாதம். தூக்குமரத்தைப் பார்த்தபின் இதை மறுப்பது கஷ்டம்.

ஆனாலும் இந்த அறையைக் குடியரசின் புனிதத் தலமாகக் கொண்டாடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. கிழக்குச் சுவரில் மகிழ்ச்சியாக உழைக்கும் செருப்புத் தொழிலாளிக்கும் கொத்தனாருக்கும், வடக்குச் சுவரின் கயிற்றைப் பிடிக்கும் உரிமை நிஜத்தில் கிடையாது. 1318இல் கசாப்புக்காரர்களும் பத்திரம் எழுதுவோரும் சேர்ந்து ஒன்பதின்மருக்கு எதிராகக் கிளம்பி அடக்கப்பட்டார்கள். வரைவதற்குப் பத்தாண்டு முன்புதான் டஸ்கனி முழுவதும் பஞ்சம். இவற்றின் சுவடு சுவரில் இல்லை. எச்சரிக்கை இருக்கிறது, ஆனால் எச்சரிப்பவர்களும் எச்சரிக்கப்படுபவர்களும் ஒரே கூட்டம்.

பக்கத்து மண்டபத்தில் பொதுச்சபை கூடியது. அங்கே 1315இல் சிமோனே மார்த்தினி வரைந்த அன்னை மரியாள், பட்டுப்பந்தலின் கீழே அமர்ந்து சபையையே பார்க்கிறாள். எளியவர்களை வாட்டுபவர்களுக்காகத் தான் பரிந்து பேச மாட்டேன் என்ற பொருளில் அவள் பேசும் செய்யுளும் எழுதியிருக்கிறது. கீழ்த்தளத்தில் நகரத்தின் உப்புக் கிடங்கு இருந்ததால் சுவரில் ஈரமும் உப்பும் ஏறி ஓவியம் பழுதானது. அவளுக்கு எதிர்ச்சுவரில் தளபதி குய்தோரிச்சோ தன்னந்தனியாக வெறிச்சோடிய மலைகளுக்கு நடுவே குதிரையில் போகிறார். இதுவும் மார்த்தினி வரைந்தது என்றுதான் தலைமுறை தலைமுறையாக நம்பினார்கள். 1977இல் கார்டன் மோரன் என்ற ஆய்வாளர் சந்தேகம் கிளப்பினார். 1980இல் அதன் கீழே இன்னொரு பழைய ஓவியம் வெளிப்பட்டதும் சண்டை சூடு பிடித்தது. லொரென்செத்தி 1345இல் செய்த சுழலும் உலகப்படம் ஒன்று அங்கே மாட்டியிருந்தது. படம் போய்விட்டது, அது சுழன்று சுழன்று சுவரில் போட்ட வட்டக் கீறல்கள் மிச்சமிருக்கின்றன. எந்த ஓவியம் முந்தியது என்று தீர்மானிக்க இரு தரப்பும் அந்தக் கீறல்களையே சாட்சிக்கு இழுத்தன.

1348இல் கொள்ளைநோய் வந்தது. லொரென்செத்தியின் பெயர் அந்த ஆண்டோடு ஆவணங்களிலிருந்து மறைகிறது. 1355இல் பேரரசர் நான்காம் சார்ல்ஸ் ஊருக்கு வந்த சமயம் கலகம் வெடித்து ஒன்பதின்மர் ஆட்சி கவிழ்ந்தது. சுவர்கள் நின்றன. 1420களில் பெர்னார்தினோ என்ற துறவி சியெனா மக்களுக்குப் பிரசங்கம் செய்தபோது இந்த ஓவியங்களை உதாரணம் காட்டினார். அமைதியின் பக்கம் திரும்பினால் வியாபாரமும் நடனமும், போரின் பக்கம் திரும்பினால் கொலையும் கொள்ளையும் என்று. ஆள்வோருக்காக வரைந்த படம், நூறாண்டுக்குள் ஊராருக்குச் சொல்லும் நீதிக்கதையாகிவிட்டது.

ஃபுளோரன்ஸ் இதே காலத்தில் சுவரோவியத்தைத் தண்டனையாகவே பயன்படுத்தியது. துரோகி என்று தீர்ப்பானவன் தப்பியோடிவிட்டால் அவன் தலைகீழாகத் தொங்குவது போல அரசுக் கட்டடத்தின் வெளிச்சுவரில் பெயரோடு வரைந்துவிடுவார்கள். 1440இல் இந்த வேலையைச் செய்த அந்திரேயா தெல் கஸ்தான்யோவுக்குத் ‘தூக்கில் தொங்குவோரின் அந்திரேயா’ என்றே பெயர் நிலைத்தது. நகர அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த மெதிச்சி குடும்பத்தைக் கொல்ல முயன்றவர்களை 1478இல் அப்படி வரைந்தவர் போத்திச்செல்லி. மெல்லிய துகிலில் வீனஸை வரைந்த அதே கை! 1494இல் மெதிச்சிகள் துரத்தப்பட்டதும் அவை அழிக்கப்பட்டன.

அந்நகரின் பலாட்ஸோ வெக்கியோவில் நடந்ததோ சுவரைக் கைப்பற்றும் கதை. மெதிச்சிகள் இல்லாத குடியரசு, ஐந்நூற்றுவர் மண்டபத்துக்கு 1503இல் லியனார்தோவையும் மறு ஆண்டு மைக்கலாஞ்சலோவையும் அமர்த்தியது. நகரம் வென்ற இரண்டு போர்களை வரைய வேண்டும். லியனார்தோவின் புதுக்கலவை காயாமல் வழிந்து கெட்டது. மைக்கலாஞ்சலோ மாதிரி வரைபடத்தோடு நிறுத்தி ரோமுக்குப் போனார். மெதிச்சிகள் திரும்பி வந்து, குடியரசு மண்டபம் கோமகன் முதலாம் கோசிமோவின் கைக்குப் போனதும் ஓவியர் வசாரி அதை நிரப்பினார். கூரை நடுவில் புகழ்முடியோடு கோசிமோ. சுவர்களில் பீசாவையும் சியெனாவையும் வென்ற போர்கள். ஆம், 1555இல் சரணடைந்த அதே சியெனா. நல்லாட்சிச் சுவரைத் தந்த நகரம், பக்கத்து ஊர் மாளிகையில் தோற்ற படையாகக் குதிரைக்கால்களுக்கு அடியில் கிடக்கிறது.

வெனிஸில் காரைச் சுவரோவியம் நிலைக்காது. கடற்காற்றின் உப்பு தின்றுவிடும். 1577 தீவிபத்துக்குப் பிறகு, 53 மீட்டர் நீளமுள்ள பெருஞ்சபை மண்டபத்தைக் கித்தான் ஓவியங்களால் மூடினார்கள். தின்தொரெத்தோவும் அவருடைய பட்டறையும் செய்த ‘சொர்க்கம்’ மட்டுமே ஏறக்குறைய 22 மீட்டர். என் கண் போவது அதற்கு மேலே, கூரையை ஒட்டி வரிசையாக ஓடும் கோமகன்களின் முகங்களிடம். அதில் ஓரிடத்தில் முகம் இல்லை, கறுப்புத் திரைதான் வரைந்திருக்கிறது. மரினோ ஃபலியேரோ, குடியரசைக் கவிழ்த்துத் தானே அரசனாக முயன்று 1355இல் தலை வெட்டப்பட்டவர். பெயரையே விட்டிருக்கலாம். விடவில்லை, திரையில் அவர் பெயரையும் குற்றத்தையும் எழுதிவைத்தார்கள். ஒவ்வொரு புதுக் கோமகனும் அந்தத் திரை இருக்கும் மண்டபத்தில்தான் அமர வேண்டும். வெனிஸில் ஆள்பவரை எச்சரித்தது, ஒன்றுமே வரையாத அந்த ஒரு சதுரம்தான்.

தொழில்நுட்பத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. சுண்ணாம்பும் மணலும் குழைத்துப் பூசிய காரை ஈரமாக இருக்கும்போதே, தண்ணீரில் கரைத்த நிறத்தை ஏற்ற வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கல்லாக இறுகும்போது நிறமும் சுவரின் உடம்பாகிவிடும். காய்ந்துவிட்டால் நிறம் பிடிக்காது, அதனால் ஒரு நாளில் வரைந்து முடிக்கக்கூடிய அளவுக்கே காரை பூசுவார்கள். நீலம் போன்ற சில நிறங்களை மட்டும் காய்ந்தபின் பசை சேர்த்துப் பூசினார்கள், அவைதான் முதலில் உதிரும். திருத்துவதற்கு வழியில்லை, கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும்.

மான்செஸ்டரின் ஈரமும் ஆலைப்புகையும் இத்தாலியக் காரைக்கு ஒத்துவரவில்லை. 1877இல் திறந்த நகர மண்டபத்தின் பெருங்கூடத்தை வரைய வந்த ஃபோர்ட் மேடக்ஸ் பிரவுன், மெழுகும் எண்ணெயும் பிசினும் கலந்த காம்பியர் பாரியின் முறையைக் கையாண்டார். 1879 முதல் 1893 வரை 12 ஓவியங்கள். முடித்த ஆண்டே இறந்தார். கட்டடமே பருத்திப் பணத்தின் கோயில். ஆல்ஃபிரட் வாட்டர்ஹவுஸ் கட்டிய கோதிக் கோபுரம், தரையில் உழைப்பின் சின்னமாகத் தேனீ மொசைக். ஓவியங்களில் ரோமானியர் கோட்டை கட்டுவதில் தொடங்கி ஊர் வரலாறு நகர்கிறது. பிரவுனுக்குக் குசும்பு அதிகம். டேனியப் படையைத் துரத்தும் காட்சியில் தெருவில் பன்றிகள் புகுந்து வீரர்களை இடறுகின்றன. 1639இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைக் கண்ட துணி வியாபாரி வில்லியம் கிராப்ட்ரி, காகிதத்தில் விழுந்த சிறு கறுப்புப் புள்ளியைப் பார்த்து மார்பில் கைவைத்து நிற்கிறார். வேதியியலாளர் ஜான் டால்டன் குட்டையைக் கிளறி வாயுக் குமிழி பிடிக்கிறார், பக்கத்தில் ஒரு பையன் ஜாடியோடு.

பறக்கும் நாடாவைக் கண்டுபிடித்த ஜான் கே பற்றிய ஓவியத்தில் நான் நெடுநேரம் நிற்பேன். வேலை போய்விடும் என்று அஞ்சிய நெசவாளர்கள் 1753இல் அவர் வீட்டைத் தாக்குகிறார்கள். ஜன்னல் வழியே கூட்டம் தெரிகிறது. உள்ளே இருப்பவர்கள் கம்பளித் துணியில் சுருட்டி அவரைத் தப்பவைக்கத் தயாராகிறார்கள், அவர் அவசரமாக மனைவிக்கு முத்தம் கொடுக்கிறார். அனுதாபம் முழுவதும் கண்டுபிடிப்பாளர் பக்கம். ஜன்னலுக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தனி முகம் கிடையாது. ஆலை முதலாளிகள் நிறைந்த நகரசபை பணம் கொடுத்தால் இப்படித்தான் வரும். (அதே பறக்கும் நாடா, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் வழியாகச் சேலத்துத் தறிகளுக்கு வந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களின் பார்வையில் அந்தக் கதையை வரைய நம் ஊரில் ஒரு சுவர் காத்திருக்கிறது.)

அந்தக் கூடத்தில் இல்லாதது பீட்டர்லூ. 1819 ஆகஸ்ட் 16 அன்று வாக்குரிமை கேட்டு ஏறத்தாழ 60,000 பேர் கூடினார்கள். அவர்கள்மீது குதிரைப்படை பாய்ந்து வாள் வீசியது. குறைந்தது 15 பேர் செத்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயப்பட்டார்கள். நடந்த இடம் நகர மண்டபத்திலிருந்து நடக்கிற தூரம்தான். ஓவியத் திட்டம் பேசப்பட்டபோது பீட்டர்லூவும் பட்டியலில் இருந்தது, பிறகு கைவிடப்பட்டது. அதற்குப் பொருத்தமான நினைவுச்சின்னம் வந்தது 200 ஆண்டு கழித்து 2019இல், மண்டபத்துக்கு வெளியே. பருத்தியை யார் விளைவித்தார்கள் என்ற கேள்வியும் அந்தப் 12 ஓவியங்களில் எங்குமில்லை. அமெரிக்க அடிமைகளின் கை அந்த நூலில் இருந்தது என்பது மண்டபம் கட்டியவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

மெக்சிகோவில் நிலைமை தலைகீழ். அங்கே விடுபட்டவர்களையே சுவரில் ஏற்ற அரசு பணம் கொடுத்தது. புரட்சி ஓய்ந்ததும் கல்வியமைச்சரான ஹோசே வாஸ்கன்செலோஸ், எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்குச் சுவரே புத்தகம் என்று ஓவியர்களைக் கூப்பிட்டார். இத்தாலியில் சுவரோவியங்களைப் பார்த்துப் படித்துவிட்டு 1921இல் திரும்பியிருந்த தியேகோ ரிவேரா, கல்வி அமைச்சக முற்றங்களில் 1923 முதல் 1928 வரை நூற்றுக்கும் மேற்பட்ட காட்சிகளை வரைந்தார். சப்பாத்திக்கள்ளிச் சாற்றைக் கலந்து பழங்காலத்து முறையை மீட்டுவிட்டதாகக்கூட முதலில் அறிவித்தார். பூசணம்போலக் கறை படர, விட்டுவிட்டார்.

1929இல் தேசிய மாளிகையின் பிரதானப் படிக்கட்டு அவருக்குக் கிடைத்தது. மக்கள் ஏற ஏற வரலாறு கூடவே ஏறுகிறது. நடுச்சுவரில் ஸ்பானியர் படையெடுப்பு தொடங்கிப் புரட்சி வரை ஒரே நெரிசல், காலி இடமே இல்லை. இடதுபுறச் சுவரின் உச்சியில் கார்ல் மார்க்ஸ் கை நீட்டி எதிர்காலத்தைக் காட்டுகிறார். அதற்குக் கீழே முதலாளிகள், பாதிரிகள், அரசியல்வாதிகள் எல்லாம் குழாய்களால் இணைந்து பணம் உறிஞ்சுகிறார்கள். இதை வரையச் சொல்லிச் சம்பளம் கொடுத்த அரசு அதே ஆண்டுகளில் கம்யூனிஸ்டுகளைச் சிறையில் தள்ளிக்கொண்டிருந்தது. அரசு வேலை பார்க்கிறார் என்பதும் சேர்ந்து, 1929இல் கம்யூனிஸ்ட் கட்சி ரிவேராவை வெளியேற்றியது. பெயர் மாறி மாறி 2000 வரை நாட்டை விடாமல் ஆண்ட கட்சி தோன்றியதும் அந்த 1929இல்தான். படிக்கட்டில் புரட்சி பத்திரமாக இருக்கும்வரை மாடியில் அது தேவைப்படவில்லை. ரிவேராவின் திறமையில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அந்தச் சுவர் ஆள்வோரைச் சுடவில்லை. அவர்களுக்குப் பின்னணித் திரையாக நின்றது.

சுட்டவர் ஹோசே கிளெமென்தே ஒரோஸ்கோ. குவாதலஹாரா நகரில் ஹலிஸ்கோ மாநில ஆளுநர் மாளிகையின் படிக்கட்டில் 1937இல் அவர் வரைந்தது, விடுதலைப் போரைத் தொடங்கிய பாதிரியார் இதால்கோவை. அதே நகரில் 1810இல் அடிமை முறையை ஒழித்து ஆணையிட்டவர் அவர். படியேறுபவரின் தலைக்கு மேலே வளைகூரையில், நரைத்த தலையும் ஓங்கிய முஷ்டியுமாக, மறுகையில் எரியும் தீப்பந்தத்தை நம் முகத்தை நோக்கி வீசுகிறார். தீப்பந்தத்துக்குக் கீழே மக்கள் ஒருவரையொருவர் குத்திச் சாகிறார்கள். பக்கச் சுவரில் கோமாளிகளின் கூத்து. ஸ்வஸ்திகா, அரிவாள் சுத்தியல், சிலுவை எல்லாம் கலந்து யார் கையில் எது என்று தெரியாமல் கிடக்கின்றன. ஆளுநர் தன் அலுவலகத்துக்குப் போக அந்தத் தீயின் கீழே ஏறியாக வேண்டும். லொரென்செத்திக்கு ஆறு நூற்றாண்டு கழித்துப் பிறந்த உண்மையான வாரிசு அவர்தான் என்று நினைக்கிறேன். வித்தியாசம், ஒரோஸ்கோவிடம் கிழக்குச் சுவர் இல்லை.

ரிவேராவின் உதவியாளராக இருந்த விக்டர் அர்னாட்டாஃப் 1936இல் சான்ஃபிரான்சிஸ்கோவின் ஓர் அரசுப் பள்ளியில் ஜார்ஜ் வாஷிங்டனின் வாழ்க்கையை 13 பகுதிகளாக வரைந்தார். தேசபிதாவைப் புகழ அல்ல. அவருடைய பண்ணையில் வேலை செய்யும் கறுப்பின அடிமைகளையும், வெள்ளையர் மேற்கே நகரும் வழியில் கிடக்கும் பூர்வகுடி மனிதனின் பிணத்தையும் பாடநூல் மறைத்த காலத்தில் அவர் சுவரில் வைத்தார். 2019இல் பள்ளி வாரியம் அவற்றை வெள்ளையடிக்கத் தீர்மானித்தது. காரணம், தினமும் அந்தப் பிணத்தைத் தாண்டி வகுப்புக்குப் போகும் கறுப்பின, பூர்வகுடிப் பிள்ளைகளின் வேதனை. எதிர்ப்புக்குப் பின் மூடினால் போதும் என்றார்கள், வழக்கு நடந்தது, 2022இல் திட்டமே கைவிடப்பட்டது. இதில் ஒரு தரப்பை முட்டாள் என்று சொல்லிக் கடந்துவிட என்னால் முடியவில்லை. ஓவியர் உறுத்த நினைத்தது வாஷிங்டனை வணங்குபவர்களை. அந்த நடைக்கூடத்தில் இன்று நடப்பவர்கள் வேறு.

ஆஸ்லோ நகர மண்டபத்தை விரைந்து கடக்கலாம். 1950இல் திறந்தது, நாஜி ஆக்கிரமிப்பு ஆண்டுகளை ஆல்ஃப் ரோல்ஃப்சன் சுவரில் வரைந்தார், ஹென்ரிக் சொரென்சனின் 24 மீட்டர் அகல ஓவியம் கூடத்தையே ஆள்கிறது. 1990 முதல் அமைதிக்கான நோபல் பரிசு இங்கேதான் வழங்கப்படுகிறது. 2014இல் மலாலாவும் கைலாஷ் சத்யார்த்தியும் பெற்றுக்கொண்டது இதன் முன்னால்தான். நல்லெண்ணம் நிறைந்த சுவர்கள். யாருக்கும் உறுத்தாது.

உறுத்திய சுவர் ஒன்று தில்லியில் இருக்கிறது. 2023 மே 28 அன்று திறக்கப்பட்ட புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் சுவரில், இன்றைய எல்லைகள் இல்லாத துணைக்கண்ட வரைபடம், தட்சசீலம் போன்ற பழம்பெயர்களோடு. ஒன்றிய அமைச்சர் ஒருவரே அதை ‘அகண்ட பாரதம்’ என்று குறிப்பிட்டார். நேபாளத்திலும் பாகிஸ்தானிலும் வங்கதேசத்திலும் எதிர்ப்பு எழுந்தது. அது அசோகப் பேரரசின் பரப்பையும், பொறுப்பான, மக்களை மையமாகக் கொண்ட அவரது ஆட்சி முறையையும் காட்டுகிறது என்று வெளியுறவு அமைச்சகம் விளக்கம் தந்தது. அதாவது, நல்லாட்சியின் சுவரோவியம்.

அசோகரை இழுத்தபின் அவருடைய சுவர்களையும் பார்த்துவிட வேண்டும். அவருக்குச் சுவர் என்பது பாறை. கலிங்கப் போரின் சாவுகளுக்காக வருந்தும் 13ஆம் பாறைச் சாசனம் பல இடங்களில் பொறிக்கப்பட்டிருக்கிறது. எல்லைக்கு அப்பாலுள்ள சோழ பாண்டியர் பெயரும் அதில் வருகிறது. ஆனால் கலிங்கத்திலேயே உள்ள தௌலி, ஜௌகடா பாறைகளில் அது இல்லை. தோற்ற மக்களின் கண்ணெதிரே அந்த வருத்தத்தை அவர் எழுதவில்லை. அந்த இடத்தில் இருப்பவை, இரண்டு தனிச் சாசனங்கள். தௌலியில் ஒன்று தோசாலி நகரத்து நீதி அதிகாரிகளை விளித்தே பேசுகிறது. காரணமின்றி மக்களைச் சிறையிலடைப்பதும் வதைப்பதும் நடக்கிறது, பொறாமையாலும் கோபத்தாலும் சோம்பலாலும் நீங்கள் தவறுகிறீர்கள் என்று கண்டிக்கிறது. ஒழுங்காக நடக்கிறார்களா என்று பார்க்க ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வதிகாரியை அனுப்புவேன் என்றும் சொல்கிறது. பூச நட்சத்திர நாள்களில் இதை வாசிக்கக் கேட்க வேண்டும். இடைப்பட்ட நாள்களில் ஒரே ஒருவர் இருந்தாலும் வாசித்துக் கேட்கலாம் என்று ஏற்பாடும் செய்திருக்கிறது.